தீ அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறியது: குழந்தைகளோடு செய்த சோதனைகளில் மனத்தை விட்டு அகலாத ஒரு தருணம்

பதிவு 1

எல்லோரும் செய்கின்ற மெழுகுவர்த்திச் சோதனைதான். தட்டில் வண்ணம் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் ஒடுங்கி அணைந்தது, தண்ணீர் குவளைக்குள் ஏறியது, நானும் ஆயத்தமாக வைத்திருந்த விளக்கத்தைச் சொன்னேன்: உள்ளே இருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் வந்தது. ஆறு வயது மகள் தட்டின் மட்டத்துக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "இல்லை அம்மா, தீ எரிந்தபோது தண்ணீர் ஏறவே இல்லை, அணைந்த பிறகுதான் ஏறியது" என்றாள். "இரண்டும் ஒன்றுதான்" என்றேன். அவள் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், "சரி" என்றாள். இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன; அந்தச் "சரி" இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் தன் கண்ணால் கண்டதை என் சொல்லுக்காக விட்டுக்கொடுத்தாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 2

உங்கள் மகள் சொன்னதுதான் சரி. நான் பல ஆண்டுகள் வகுப்பில் இதே தவறான விளக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

ஆக்சிஜன் தீர்வதால்தான் தண்ணீர் ஏறுகிறது என்றால், சுடர் எரியும் நேரம் முழுவதும் நீர்மட்டம் சிறிது சிறிதாக உயர்ந்து, சுடர் அணைந்ததும் நின்றிருக்க வேண்டும். நடப்பது ஏறக்குறைய அதற்கு நேர்மாறானது. குவளையைக் கவிழ்க்கும்போது சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடேறி விரிகிறது. அதில் ஒரு பகுதி கவிழ்க்கும்போதே வெளியேறிவிடுகிறது, சில சமயம் விளிம்பின் அடியில் குமிழிகளாகவும் வெளிவருகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தட்டிலுள்ள தண்ணீரைக் குவளைக்குள் தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாவதற்கும் இதில் சிறு பங்கு உண்டு என்றாலும், எரிந்த ஆக்சிஜனின் இடத்தில் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன என்பதை மறந்துவிடுகிறோம். காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்கிறது. மெழுகுவர்த்தியோ அது 16 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தாலே அணைந்துவிடுகிறது. அதாவது பெரும்பகுதி ஆக்சிஜன் உள்ளேயேதான் இருக்கிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் அதே குவளைக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறவில்லை, ஆனால் தண்ணீர் கூடுதலாக ஏறும். ஏனெனில் சூடேறும் காற்று கூடுதல்.

எனக்கும் ஒரு மாணவன் இருந்தான். ஏறிய தண்ணீர் குவளையில் ஐந்தில் ஒரு பங்கு இல்லையே என்று அளவுகோலோடு வந்து கேட்டான். "கவனமாகச் செய்திருக்க மாட்டாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனைவிடக் கவனமாகச் செய்தவர் அந்த வகுப்பில் எவரும் இல்லை.

பதிவு 3

என்னுடையது விதை. ஐந்து வயது மகன், கண்ணாடிக் குவளையின் ஓரத்தில் ஈரப் பஞ்சோடு ஒட்டிவைத்த அவரை விதைகள். நான்காம் நாள் வேர் வெளிவந்து கீழ்நோக்கி வளர்ந்ததைப் பார்த்து இருவரும் மகிழ்ந்தோம். அடுத்த நாள் காலையில் குவளை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, மேசை முழுவதும் ஈரம், அங்கே வைத்திருந்த புத்தகமும் நனைந்திருந்தது. கடிந்துகொண்டேன். விதைகளை எடுத்துக் குப்பையில் போடும்போதுதான் ஒரு வேரின் நுனி வளைந்திருந்ததைக் கண்டேன். "கீழே எந்தப் பக்கம் என்று வேருக்கு மறந்துபோகுமா என்று பார்த்தேன்" என்று அழுதுகொண்டே சொன்னான்.

ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் 1806-இல் முளைக்கும் விதைகளைச் சுழலும் சக்கரத்தில் கட்டிவைத்து, வேர் திசையறிவதற்கும் புவியீர்ப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். என் மகன் கேட்டது அதே கேள்வியை. மறுநாளே புதிய விதைகளை ஊன்றிக் கொடுத்தேன், குவளையைச் சாய்த்துவைக்கலாம் என்று நானே சொன்னேன். அவன் சாய்க்கவில்லை, "வேண்டாம், தண்ணீர் கொட்டும்" என்றான்.

பதிவு 4

சமையல் சோடாவும் வினிகரும் கலந்த சீசாவின் வாயை என் தங்கையின் மகன் தக்கையால் அடைத்துவிட்டான். தக்கை அவன் காதோரமாகப் பறந்து கூரையில் மோதியது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த ஒலியை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே இங்கே எழுதுகின்ற அனைவரும் சில செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வாயு உண்டாகும் எந்தக் கலவையையும் மூடிய கலனில் வைக்கக் கூடாது; சீசாவின் வாயில் பலூனை மாட்டினால் அது உப்புவதைக் கண்ணால் காணவும் முடியும், அழுத்தம் கூடினால் அது எளிதில் விலகவும் செய்யும். மேலே மெழுகுவர்த்தியைப் பற்றி எழுதியவர்கள், குழந்தையின் தலைமுடியைக் கட்டிவிட்டீர்களா, அருகில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தீர்களா என்பதைக் குறிப்பிடவில்லை. கைகளைத் தூய்மைப்படுத்தும் ஆல்கஹால் திரவம் பூசிய கையோடு சுடருக்கு அருகில் எவரும் போகக் கூடாது. அது எரியும்போது சுடர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாக இருக்கும். காந்தச் சோதனைக்குக் குழந்தையின் வாய்க்குள் நுழையாத பெரிய காந்தமே வேண்டும். வலிமையான சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையே உண்டாக்கிவிடும். பொத்தான் போன்ற வட்ட பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பதிவு 5

மேலே சொன்ன எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் விதையும் பஞ்சும் வைத்து அழுத குழந்தையின் கதைக்கு அடியில் அவற்றைப் படித்தபோது, அந்தத் தந்தை கேட்டது இதுவல்லவே என்று தோன்றியது.

இரண்டாம் பதிவோடு எனக்கு வேறொரு கருத்து வேறுபாடு உண்டு. சரியான விளக்கம் பெரியவர்களுக்குத் தேவை, ஐயமில்லை. ஆனால் அதை அப்படியே குழந்தையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் என்ன நிகழும் என்பதை நான் கண்டிருக்கிறேன். நான்கு வயதுப் பேத்தியின் முன்னால் ஒரே அளவான இரண்டு குவளைகளில் சமமாகத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவளே சொன்னாள். ஒன்றை உயரமான ஒடுங்கிய குவளைக்கு மாற்றியதும், இதில்தான் அதிகம் என்றாள். திரும்பப் பழைய குவளையில் ஊற்றினால் சமம், மீண்டும் மாற்றினால் அதிகம். ஐந்து முறை செய்தேன். ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லையே என்று விளக்கி முடித்தபோது, "அது அங்கே போனால் அதிகமாகிறது, திரும்பி வந்தால் குறைந்துவிடுகிறது, தாத்தா" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாள். ஏழு வயதை ஒட்டிய பருவம் வரை குழந்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிவுசெய்கிறார்கள் என்பதைக் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ஜீன் பியாஜே நெடுங்காலத்துக்கு முன்பே எழுதிவிட்டார். அவள் தான் கண்டதிலிருந்து ஒரு விதியை உருவாக்கியிருந்தாள்; ஆறாவது முறை ஊற்றாமல் குவளையை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன். அது சரியா என்று இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பதிவு 6

முதல் பதிவை எழுதியவள் நான். நேற்று மகளை அழைத்து, "அன்று நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தவறு" என்றேன். அவள் வியப்படையவில்லை, "நான்தான் பார்த்தேனே" என்றாள். ஒரு மெழுகுவர்த்தியோடு ஒரு முறை, மூன்றோடு ஒரு முறை, தண்ணீர் ஏறிய உயரத்தைக் குவளையின் மேல் பேனாவால் குறித்தோம். மூன்றின் கோடு தெளிவாக மேலே இருந்தது. நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, குறிப்பாக ஐந்தாம் பதிவைப் படித்த பிறகு.

சற்று நேரம் கழித்து அவளே கேட்டாள்: "சூடுதான் காரணம் என்றால் மெழுகுவர்த்தி எதற்கு?" வெந்நீரால் கழுவிச் சூடாக்கிய குவளையை, சுடர் எதுவும் இல்லாமல், வண்ணத் தண்ணீரில் கவிழ்த்தோம். முதலில் ஒன்றும் நிகழவில்லை. பிறகு, மிக மெதுவாக, விளிம்புக்கு மேலே வண்ணக்கோடு எழுந்து ஒரு விரலின் அகலம் வரை வந்து நின்றது. அவள் பேனாவை எடுத்து மூன்றாவது கோட்டை வரைந்தாள்.