மிஷன் சென்டர், ஹாஸ்டல், ஸ்பான்சர் கடிதம்: நாங்கள் பார்த்தவை

சென்டர் டீச்சர்:

சென்னை கண்ணகி நகரில் ஒரு சபை நடத்திய மாலை நேர சென்டரில் டீச்சராக இருந்தேன். அங்கே எல்லாரும் அதை 'ப்ராஜெக்ட்' என்றுதான் சொல்வார்கள். 2000க்குப் பிறகு நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்திக் கொண்டுவந்து குடியேற்றிய குடும்பங்கள். வீடு மாறியதே தவிர வேலை மாறவில்லை. அம்மாக்கள் வீட்டு வேலைக்காக விடிகாலையில் பஸ் ஏறி பழைய ஏரியாவுக்கே போவார்கள். பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கும்.

பாட்டு, பைபிள் கதை, ஹோம்வொர்க், சாப்பாடு எல்லாம் சென்டரில் உண்டு. ஆனால் அம்மாக்கள் அனுப்பியது அதற்காக மட்டும் இல்லை. தாங்கள் திரும்பி வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் இந்த வரி எங்கேயும் வராது.

அங்கே எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது பாஸ்டரம்மா. ஒரு பிள்ளை தொடர்ந்து வரவில்லை என்றால் போன் பண்ண விடமாட்டார், வீட்டுக்கே போகச் சொல்வார். போனால்தான் தெரியும்: தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவை நிறுத்தியிருப்பார்கள், அப்பா குடித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைக் கிழித்திருப்பார், அல்லது பழைய பள்ளியிலிருந்து டிசி வாங்கவே ஆள் இருந்திருக்காது. ஜெபம் பண்ணிவிட்டு வந்த வீடுகளைவிட டிசி வாங்க, ஸ்காலர்ஷிப்புக்கு பேங்க் அக்கவுண்ட் திறக்க என்று கூடவே போன வீடுகள்தான் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு அம்மா நேராகவே கேட்டார்: "டீச்சர், நாங்க ஞானஸ்நானம் எடுத்தா புள்ளையோட சர்டிபிகேட் என்னாகும்?" நியாயமான கேள்வி. எஸ்சி பட்டியலை வகுத்த 1950 ஆணைப்படி கிறிஸ்தவரானவருக்கு எஸ்சி தகுதி கிடையாது, தமிழ்நாட்டில் பிசி பட்டியலுக்குப் போய்விடுவார்கள். பாஸ்டரம்மா அவரிடம் அதை அப்படியே விளக்கினார். பிள்ளை சென்டருக்கு வருவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னார். எல்லா இடத்திலும் இப்படிச் சொல்கிறார்களா என்றால், இல்லை. உதவியைக் காட்டி ஞானஸ்நானத்துக்கு இழுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை.

பழைய மாணவி:

அக்கா, நான் வேறு ஊரில் அந்த மாதிரி சென்டரில் வளர்ந்தவள். எனக்கு நன்றாக நினைவிருப்பது கடிதம்தான். என் செலவுக்குப் பணம் அனுப்பிய வெளிநாட்டு ஸ்பான்சர் பனி பெய்வது பற்றி எழுதுவார், நான் பரீட்சை பற்றி எழுதுவேன். நடுவில் மொழிபெயர்ப்பவர் படித்துவிடுவார் என்பதால் வீட்டுச் சண்டை பற்றி ஒரு வார்த்தைகூட எழுதமாட்டேன்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். போட்டோ எடுக்கிற நாளில் புது டிரஸ் போட்டு வராதே என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். அம்மா கடன் வாங்கித் தைத்துக் கொடுத்த டிரஸ் அது. ஏழைப் பிள்ளை ஏழையாகத் தெரியவேண்டுமாம்! அம்மா இன்றும் அதை மறக்கவில்லை. ஆனால் அதே சென்டர் மிஸ்தான் நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானபோது வீட்டுக்கு வந்து, கல்யாணப் பேச்சை நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்றார். துணைத்தேர்வு எழுதினேன், இப்போது நர்ஸ்.

நெல்லைக்காரன்:

எங்கள் பக்கம் மிஷன் என்றாலே பிள்ளைகள் தங்கி வளர்கிற போர்டிங்தான். களக்காடு பக்கத்தில் இருக்கிற டோனாவூரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1901ல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அடைக்கலம் கொடுத்ததில் தொடங்கியது அங்கே பிள்ளைகளைக் காக்கும் பணி. 1895ல் இந்தியா வந்தவர், 1951ல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அங்கே பிரித்து வைத்ததுதான் பாதுகாப்பு.

ஆனால் நான் வாலன்டியராகப் போன ஒரு இல்லத்தில் (பெயர் வேண்டாம்) கதையே வேறு. வாசலில் அனாதை இல்லம் என்று பலகை. ஞாயிறு மதியம் பார்த்தால் வரிசையாக அம்மாக்கள் பை தூக்கிக்கொண்டு வருவார்கள்! புருஷன் இல்லை, சோறு போட முடியவில்லை, அதனால் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இல்லத்துக்கு வரும் நன்கொடைப் பணத்தை அம்மா கையில் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்குமே என்று ஒருநாள் நிர்வாகியிடம் கேட்டேன். "வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எவன் சார் காசு அனுப்புவான்?" என்றார். 2015 சிறார் நீதிச் சட்டம் வந்து பதிவு கட்டாயம், குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தவேண்டும் என்று கெடுபிடி ஆனபிறகு அது மூடிவிட்டது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீடுகளுக்கு யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள்.

டீச்சரம்மா, 2017ல் உங்கள் சென்டர் என்ன ஆனது?

சென்டர் டீச்சர்:

அண்ணா, பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் பணம் அனுப்பிய அமெரிக்க அமைப்பு கம்பாஷன் இன்டர்நேஷனல், அரசாங்கக் கட்டுப்பாட்டால் இந்தியாவை விட்டுப் போனது அந்த மார்ச்சில்தான். எங்களுக்கு வந்தது வேறு வழிப் பணம். அதுவும் கொஞ்ச நாளில் நின்றது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் வாங்கும் பெரிய அமைப்பு சின்ன சபைக்குப் பிரித்துக் கொடுக்கவும் வழியில்லாமல் போனது. அரசாங்கத்தைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். எனக்கு வேறொரு வருத்தம். அத்தனை வருஷம் பணம் வந்தபோது உள்ளூர் சபைகள் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குக்கூடக் கை நீட்டப் பழகவில்லை.

சம்பளம் நின்றதும் டீச்சர்கள் பலர் போய்விட்டார்கள், நானும் பள்ளி வேலைக்கு மாறினேன். இப்போது அங்கே சாப்பாடு கிடையாது, கடிதம் கிடையாது. காணிக்கையில் கரண்ட் பில் கட்டுகிறார்கள். ப்ராஜெக்டில் படித்த பெண்கள் ரெண்டு பேர் காலேஜ் முடிந்து வந்து பாடம் எடுக்கிறார்கள். எட்டாவதுக்கு மேல் பையன்கள்தான் நிற்பதில்லை, வேலைக்குப் போய்விடுகிறார்கள். தங்கச்சி, உங்கள் சென்டரில் பெரிய பையன்களை எப்படிப் பிடித்து வைத்தார்கள்? தெரிந்தால் எழுதுங்கள், அந்தப் பெண்களிடம் சொல்கிறேன்.