உங்கள் கைக்குள் யாருடைய கை இருக்கிறது? – அனுபவப் பகிர்வு

செந்தூல் ஓவியன்:

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகள் படிவம் மூன்று படிக்கிறாள், நன்றாக வரைவாள். "அடுத்தவர் படத்தைப் பார்த்து வரையாதே, உன் சொந்த பாணி கெட்டுப் போயிடும்" என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஓவியப் புத்தகங்களைத் திறக்கவே பயப்படுகிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

பாலாய் செனி நெகாராவின் (மலேசியத் தேசியக் கலைக்கூடம்) தொகுப்பில் சையத் தாஜுடின் 1972இல் வரைந்த ராமாயண ஓவியம் ஒன்று இருக்கிறது. சீதையைத் தேடி அனுமன் வரும் காட்சி. தமிழ்நாட்டின் அழகன்குளத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர் அவர். அஜந்தா சுவரோவியங்களின் சாயல் அவர் உருவங்களில் அப்படியே தெரியும். அவர் அதை மறைக்கவும் இல்லை. அதே சாயலோடுதான் பின்னாளில் மலாக்கா சுல்தான் மன்சூர் ஷாவும் சீன இளவரசி ஹங் லி போவும் சந்திப்பதை வரைந்தார். மலாக்கா கதைக்குள் அஜந்தா வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலே இது தாஜுடின் படம் என்று சொல்லிவிடலாம்.

நீங்கள் யாரிடமிருந்து எடுத்தீர்கள், அது எங்கே உங்களுடையதாக ஆனது? நடந்ததைச் சொல்லுங்கள். அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

பினாங்குக்காரன்:

எங்கள் ஊர் மலாய் சினிமா நடிகர் பி. ரம்லியை விட்டுவிடாதீர்கள் அண்ணே. 1929இல் இங்கே பிறந்தவர். சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்கு அவர் போன காலத்தில் இயக்குநர்கள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1948இல் அவர் நடித்த முதல் படத்தை இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். 1950இல் முதன்முதலில் கதாநாயகனாக நடிக்க வைத்தவர் எல். கிருஷ்ணன், நம்மவர். 1955இல் ரம்லி தானே இயக்கத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது பேச்சா (சைக்கிள் ரிக்‌ஷா) மிதிக்கும் ஓர் ஏழையின் கதை. பாட்டு வரும் இடம், தாயும் மகனும் பேசும் காட்சி, எல்லாவற்றிலும் அந்தப் பள்ளிக்கூடம் தெரியும். எங்கள் அப்பா அந்தப் படத்தை டிவியில் போடும்போதெல்லாம் பார்ப்பார். "நம்ம படம் மாதிரியே இருக்குடா, ஆனா கம்போங் (மலாய்க் கிராமத்து) வாசம் அடிக்குது" என்பார். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

மெழுகுக்காரி, பினாங்கு:

நான் பாத்தேக் வரைபவள். என் கைக்குள் இருப்பது சுவா தியான் தெங். கைலித் துணிக்கு இருந்த மெழுகு முறையை 1950களில் ஓவியமாக்கிய முன்னோடி. பத்து பெரிங்கியில் யாஹோங் கலைக்கூடத்தில் அவர் படங்களைப் பார்க்கலாம். குழந்தையை மடியில் வைத்த தாய்மார்கள், மீனவர்கள், பழம் விற்பவர்கள். பட்டறையில் சேர்ந்த காலத்தில் நான் அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்த மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், தடுக்கவே இல்லை. "படத்தைப் பார்க்காதே, அவர் எங்கே மெழுகை நிறுத்தினார் என்று பார்" என்பார்.

வெளியே இருப்பவர்களுக்கு இது புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாத்தேக்கில் எல்லாமே தலைகீழ். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தைத்தான் முதலில் மெழுகால் மூடுவோம். பிறகு வெளிர் சாயம், மறுபடி மெழுகு, அப்புறம் அடர்ந்த சாயம். மெழுகில் சூடு குறைந்தால் அது துணியின் மேலேயே மங்கலாக உறைந்து நிற்கும், சாயம் அடிவழியாகப் புகுந்து கோட்டைத் தின்றுவிடும். சூடு கூடினால் கட்டுக்கு அடங்காமல் பரவும். சரியான சூட்டில் கோடு விழுந்த இடத்தில் துணி ஊடுருவித் தெரியும். மெழுகை ஊற்றி வரையும் பேனா போன்ற சாந்திங்கைப் பிடித்த கை நடுவழியில் தயங்கினால் அங்கே ஒரு சொட்டு விழும். அதை அழிக்க முடியாது. புதிதாக வருபவர்கள் எல்லாரும் அந்தத் தயக்கத்தில்தான் திணறுவார்கள்.

என் கை தயங்கவில்லை. பாக்சிக் அதைக் கவனித்துவிட்டு இதற்கு முன் எங்கே கற்றாய் என்று கேட்டார். எங்கேயும் இல்லை, அம்மா வாசலில் போடும் சிக்குக் கோலம் மட்டும்தான் தெரியும் என்றேன். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோடு. ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெங்கின் தாய்மாரை இந்தக் கோட்டால் வரை" என்றார்.

அங்கிருந்துதான் எனக்கு வழி திறந்தது. என் படத்தில் தாயின் தோளிலிருந்து கிளம்பும் கோடு குழந்தையின் தலையைச் சுற்றி, கூடையைச் சுற்றி, அவளிடமே திரும்பி வரும். வண்ணமும் உருவமும் தெங்கிடமிருந்து வந்தவை, பார்ப்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான். அவரிடம் போகாமல் இருந்திருந்தால் அம்மாவின் கோலம் வாசலோடு நின்றிருக்கும்.

சலங்கை, பிரிக்பீல்ட்ஸ்:

மெழுகுக்காரி அக்கா சொன்னதில் பாதி எனக்கும் நடந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே பரதம். ஒரே டீச்சர். மேடையை விட்டு இறங்கினால் "அச்சு அசல் உங்க டீச்சரேதான்" என்பார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு தித்திவங்சாவில் சூத்ரா நடனக் குழுவின் ஒடிசி நிகழ்ச்சியைப் பார்த்தேன். 1983இல் அதை நிறுவிய ரம்லி இப்ராகிம் பாலே கற்றவர், அடையாறு லக்ஷ்மணிடம் பரதம், தேவபிரசாத் தாஸிடம் ஒடிசி. இத்தனை பேரிடம் கற்றும் மேடையில் நிற்பது அவர் ஒருவர்தான். நானும் ஒடிசி வகுப்பில் சேர்ந்தேன். முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியில் நேராக நிறுத்திப் பழகிய முதுகை, உடம்பு மூன்று இடத்தில் வளையும் ஒடிசியின் திரிபங்கிக்கு வளைப்பது பெரும்பாடு. டீச்சரிடம் திரும்பி வந்து வர்ணம் ஆடினால் இடுப்பு தானாக ஒரு பக்கம் சாயும். டீச்சர் கோபிக்கவில்லை. "ரெண்டும் உள்ள இருக்கட்டும். நீ என்ன சொல்லப் போறேன்னு பாரு" என்றார்.

சொல்ல என்னிடம் இருந்தது என் பாட்டி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வீட்டு வராந்தாவில் நின்று வெறுங்கையால் செய்து காட்டினார். நெற்றியில் விளக்கு, முந்தைய நாள் வெட்டில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்துப் பையில் போடுவது, உளியால் இடமிருந்து வலமாகச் சரிவாகப் பட்டையைச் சீவுவது, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைத் துடைத்து, பால் வடியும் பீலிக்கு அடியில் வைப்பது. உளி பிடிக்கும் கைக்கு என் முத்திரை ஒன்று பொருந்தியது. மரத்தைச் சுற்றிக் குனிந்து நகரும் உடம்புக்கு ஒடிசி கை கொடுத்தது.

இடித்தது கண்தான். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். பட்டையைச் சீவும்போது பாட்டியின் கண் உளியை விட்டு நகராது, ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். ஆனால் மங்கை வைக்கும்போது கை மட்டும்தான் அங்கே இருக்கும், கண் அதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விடும். வெயில் ஏறுவதற்குள் நிரை முழுவதும் முடிக்க வேண்டுமே. நான் அந்தக் கண்ணை அப்படியே வைத்தேன். பாடத்தை அத்தனை வருடம் கடைப்பிடித்ததால்தான் அந்த ஓர் இடத்தில் மீறியது சபைக்குத் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த வயதான அம்மாக்கள் சிலர் அந்த இடத்தில்தான் கைதட்டினார்கள்.

டீச்சரும் வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அந்தக் கண்ண மாத்தாதே. அரைமண்டி இன்னும் உட்காரணும், திங்கக்கிழமை வா."