வேலையிடத்தில் இறந்தவருக்கு வந்த இழப்பீடு: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கரிசல்மகள்:
பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை, பட்டாசு ஆலை ஆட்கள் வந்துவிட்டார்கள். 2021. அப்பா மருந்து கலக்கும் அறையில் இறந்துபோனார், வயது 45. மூன்று லட்சத்துக்குச் செக், கூடவே முத்திரைத்தாள். பெரியப்பா பார்த்துவிட்டு, "வைம்மா" என்றார். அம்மா கைநாட்டு வைத்தார். அப்புறம் வெகுநேரம், சேலையில் மை படாமல் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை நான் படித்தேன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நூல்மில்வீடு:
எங்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருந்தது. அதனால் மொத்தத் தொகை கிடையாது, சார்ந்தோர் உதவி மாதாமாதம் வருகிறது. சராசரி நாள்கூலி 500 என்றால் 90 சதவீதம் 450. அதில் ஐந்தில் மூன்று பங்கு, நாளுக்கு 270 எனக்கு. 180 மகனுக்கு, அவனுடைய 25 வயது வரை. நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதித் தர வேண்டும். அந்தப் படிவத்தை, இரண்டாம் வகுப்பில் இருந்த மகன் எழுத்துக்கூட்டி வாசித்தான். "மறுமணம்னா என்னம்மா?" என்றான். பேனாவை மூடி வைத்துவிட்டேன், மறுநாள்தான் கையெழுத்துப் போட்டேன்.

கரிசல்மகளுக்கு ஒன்று: மாதம் வருவதுதான் நல்லது. மொத்தமாக வந்தால் சொந்தக்காரர்கள் பிய்த்துவிடுவார்கள்.

சாரத்துக்காரன்அண்ணன்:
நூல்மில்வீடு சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சொந்தக்காரர்களுக்குப் பயந்து உரிமைப் பணத்தைக் குறைத்துப் பேசக் கூடாது. பெண்கள், மைனர் பிள்ளைகள் பங்கை முதலீடாகப் போட்டு வைக்க, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கே அதிகாரம் உண்டு.

என் தம்பி சாரத்திலிருந்து விழுந்தான். விசாரணையில் மேஸ்திரி, "இவர் யாரென்றே தெரியாது" என்றார். தம்பி கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் அவர்.

கரிசல்மகள், உங்கள் அம்மா வைத்த கைநாட்டு உங்களைக் கட்டாது. 2021இல் நடந்தது என்பதால் பழைய 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்தான் உங்களுக்கு. அப்பாவுக்கு இஎஸ்ஐ இல்லை என்றால் கணக்கு இதுதான்: மாதச் சம்பளத்தில் பாதியை, சட்டத்தின் அட்டவணையில் வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 45 வயதுக்கு 169.44. சம்பளம் 12,000 என்று வைத்தால் 6,000 பெருக்கல் 169.44, அதாவது 10,16,640 ரூபாய். சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. ஈமச்செலவுக்குத் தனியாக 5,000. மரண இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். கையில் கொடுத்தால், மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கழிக்கலாம், அவ்வளவுதான். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய பத்திரம் செல்லாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்திருந்தால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் சேரும். இறந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், அது தாண்டிவிட்டது. ஆனால் தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, கூட வேலை பார்த்த இரண்டு பேர், இவற்றோடு தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம் போங்கள். பத்திரத்தையும் எடுத்துப் போங்கள்.

கரிசல்மகள்:
இஎஸ்ஐ இல்லை அண்ணா. பத்திரமும் எங்களிடம் இல்லை, நகல்கூடத் தரவில்லை. கூட இருந்தவர்களில் ஒருவர் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.