பழைய ஆட்டோகிராப் ஆல்பத்திலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கொடுக்கலாமா? கூடவே சில போட்டோ சந்தேகங்கள்

தேவகோட்டைப் பெண் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தேவகோட்டை, வேலை கோயம்புத்தூரில். நான் சேர்ப்பது தாள் மட்டும்தான்: கல்யாணப் பத்திரிகை, வாழ்த்துமடல், வீட்டுப் போட்டோ, கடிதம், ஆட்டோகிராப் நோட்டு. செட்டிநாட்டுப் பழம்பொருள் என்றால் தூண், கதவு, பித்தளை, எனாமல் சட்டி என்றுதான் எல்லோரும் தேடி வருகிறார்கள். தாளுக்கு ஆள் குறைவு. அதனாலேயே ஒரு வீட்டைப் பிரிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அதுதான். எனக்கு அது பொறுக்கவில்லை.

போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு மூட்டை வந்திருந்தது. அதில் இருந்த படங்களின் தேக்குச் சட்டத்துக்கு ஒருவர், ரங்கூனிலிருந்து வந்த கடிதக் கவர்களில் ஒட்டிய அஞ்சல்தலைக்கு ஒருவர் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். சட்டத்தைக் கழற்றினால் படம் தெருவுக்குப் போகும், தலையை வெட்டினால் கடிதம் அடுப்புக்குப் போகும். பேசி, மொத்தமாகவே எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் ஒரு ஆட்டோகிராப் ஆல்பம் இருக்கிறது. உள்ளங்கை அளவு, மெரூன் ரெக்ஸின் அட்டை, உள்ளே ரோஸ், மஞ்சள், வான நீலம், இளம்பச்சை என்று மாறி மாறிப் பக்கங்கள். முதல் பக்கத்தில் 'விஜய வருஷம் பங்குனி மாதம், காரைக்குடி' என்று மை பேனாவில் எழுதியிருக்கிறது. முன்பக்கங்களில் கம்பன் விழாவுக்கு வந்த தமிழறிஞர்களின் கையெழுத்துகள். ஒருவர் கம்பராமாயணத்திலிருந்து ஒரு அடியையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் பள்ளித் தோழிகள் எழுதியவை. ஒருத்தி கலர் பென்சிலில் தாமரை வரைந்திருக்கிறாள். இன்னொருத்தி பக்கத்தின் மூலையை முக்கோணமாக மடித்து, மேலே 'பிரிக்காதே' என்று எழுதி, உள்ளே 'நாளை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், யாரிடமும் சொல்லிவிடாதே' என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

மதுரையில் கையெழுத்துகள் சேர்க்கும் ஒருவர், அந்தத் தமிழறிஞர் எழுதிய பக்கத்தை மட்டும் கேட்கிறார். நல்ல விலை சொல்கிறார். ஒரு பக்கம் போனால் என்ன என்று தோழிகளும் சொல்கிறார்கள். ஜெர்மனியில் விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் எழுதி வாங்கிய நட்பு ஏடுகளில்தான் இந்தப் பழக்கம் தொடங்கியதாம். அவற்றிலும் புகழ்பெற்றவர்களின் பக்கங்களைப் பிய்த்து விற்றிருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அனுபவப்பட்டவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

இன்னும் சில சந்தேகங்கள். ஒரு கல்யாண குரூப் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எப்படிப் பிரிப்பது? இன்னொரு படத்தின் அட்டையில் ரங்கூன் ஸ்டுடியோ பெயர் அச்சாகியிருக்கிறது. அது எந்தக் காலத்துப் படம்? பத்திரிகைகள் சிலவற்றில் தமிழ் வருஷம் மட்டும்தான் இருக்கிறது, ஆங்கிலத் தேதி இல்லை. முடிந்தால் அந்தக் குடும்பத்தையும் கண்டுபிடிக்க ஆசை.

கோட்டையூர் அச்சுக்காரர்:

அம்மா, வெட்டாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

அந்தப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார். அங்கேயும் யாராவது எழுதியிருப்பார்கள். மதுரைக்காரருக்கு அது வேண்டாதது, ஆனால் வெட்டும்போது அதுவும் சேர்ந்தே போகும். சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியது 1939இல். ஒவ்வொரு பங்குனியிலும் விழா, கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியில். விஜய வருஷம் என்றால் 1953 ஏப்ரலிலிருந்து 1954 ஏப்ரல் வரை. அப்படியானால் பங்குனி 1954. ஒரு பள்ளிக்கூடப் பெண் பந்தலில் நோட்டோடு நின்று புலவர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாள், பிறகு அதே நோட்டைத் தோழிகளிடம் நீட்டியிருக்கிறாள். அந்தக் காலத்து விழாவில் யார் பேசினார்கள் என்று அழைப்பிதழ் சொல்லும். யார் கேட்டார்கள், கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் என்ன ஆனார்கள் என்று சொல்ல இந்த நோட்டு மாதிரி வேறு என்ன இருக்கிறது? தனிப் பக்கமாகப் போனால் அது வெறும் கையெழுத்து. ஆயிரம் பேரிடம் அப்படி இருக்கும்.

எங்கள் ஊர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பார். புத்தகங்களோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று பிறர் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக நிறுத்தியது. இங்கேயே இருக்கிறது என்பது பெரிய விஷயம். அவர் நல்லதை மட்டும் பொறுக்கியிருந்தால் அந்த நூலகத்துக்கு இந்த மதிப்பு வந்திருக்காது.

இனி பத்திரிகைகளுக்கு வருவோம். ஆயுசில் பாதியைக் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சகத்தில் கழித்தவன் நான், அதனால் இதில் கொஞ்சம் தைரியமாகவே சொல்வேன். தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், விஜய என்றால் 1893ஆகவும் இருக்கலாம், 1953ஆகவும் இருக்கலாம். ஊர் பெயருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார். 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்று இருந்தால் 1948 மார்ச்சுக்கு முந்தியது, அந்த மாதம்தான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம். பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது. 'நயா பைசா' என்று எங்காவது இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். எழுத்தை வைத்தும் பார்க்கலாம்: யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய ணை, லை, னை 1978இல் அரசாணையால் மாறின. ஆனால் அதை மட்டும் நம்பாதே. ஈய எழுத்து வாங்குவது லேசான செலவு இல்லை. நாங்களெல்லாம் ஆணை வந்த பிறகும் பழைய எழுத்தைத் தேயும் வரை ஓட்டினோம். பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அதைக் குறித்து வை. ஒரே அச்சகத்தின் பத்திரிகைகள் நாலைந்து சேர்ந்தால் பார்டர், பிள்ளையார் பிளாக் இவற்றை வைத்தே வரிசைப்படுத்திவிடலாம்.

கவர்களையும் காப்பாற்றினாய், ரொம்ப நல்லது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. அதுவரை அங்கே ஒட்டியது இந்தியத் தலை. பிரிந்ததும் அதன்மேலேயே 'பர்மா' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டினார்கள். தலையும் முத்திரையும் கடிதமும் ஒன்றாக இருந்தால்தான் இதெல்லாம் பேசும்.

புதுவயல் ஸ்டுடியோ:

கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் பசையாகி, பிறகு காய்ந்து பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியிலும் தாள் உங்கள் கையிலும் வரும். தண்ணீர், நீராவி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். சட்டத்தின் பின்பலகையை மட்டும் மெதுவாக எடுத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் எடுங்கள், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு கண்ணாடியோடே வைத்துக்கொள்ளுங்கள். படத்தையே பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அது தாள் பாதுகாப்பு படித்தவர் செய்ய வேண்டிய வேலை.

ரங்கூன் படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பான ஓரங்களில் நீலமாக வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் ஜெலட்டின் படம், பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. தாள் மிக மெலிதாக, கெட்டி அட்டையில் ஒட்டி, பழுப்பும் மஞ்சளுமாக, லென்ஸ் வைத்துப் பார்த்தால் தாளின் நாரே தெரிந்தால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள், 19ஆம் நூற்றாண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். எப்படியும் 1942க்கு முந்தியதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம், பர்மாவுக்குள் ஜப்பான்காரன் வந்ததும் அங்கிருந்த நம்மவர்களில் பெரும்பாலோர் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார்கள். ரங்கூனில் கிளியர், அகுஜா, கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளேட் அண்ட் கோ என்று பெரிய பெயர்கள் உண்டு. அட்டையில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து இங்கே போடுங்கள், ஸ்டுடியோ விலாசம் மாறியதை வைத்து இன்னும் நெருங்கலாம்.

லேமினேஷன் கூடாது. பசைப் பக்கமும் பிளாஸ்டிக் உறையுமாக வரும் ஆல்பங்களும் கூடாது. கறுப்புத் தாளில் மூலை ஒட்டி, நடுவே சிலந்திவலை டிசைன் போட்ட மெல்லிய தாள் வைத்த பழைய ஆல்பம் கிடைத்தால் அதை அப்படியே விடுங்கள், கலைக்காதீர்கள். பெயர் எழுத வேண்டுமானால் பின்புறம் ஓரத்தில் மெத்தென்ற பென்சில், அழுத்தாமல்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிப் படியெடுத்திருக்கிறார்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு. உங்கள் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

கண்டனூர் ஆச்சி:

ஆத்தா, நல்ல காரியம் செய்திருக்கிறாய். குடும்பத்தைக் கண்டுபிடிப்பது நீ நினைக்கிற அளவு கஷ்டமில்லை. விலாசத்தைப் பிடி. நம் நகரத்தார்களுக்குப் பெயருக்கு முன்னால் நாலைந்து எழுத்து இருக்கும், ஐயா, பாட்டையா என்று மேலே போகிற எழுத்து. கடிதத்திலும் பத்திரிகையிலும் இருக்கும், வீட்டுப் பாத்திரத்திலும் அதையே வெட்டியிருப்பார்கள். விலாசம், ஊர், நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளில் எந்தக் கோயில், இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் அந்த ஊரில் பெரியவர் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். மூட்டையில் இசைகுடிமானம் ஏதும் இருக்கிறதா பார். கல்யாணத்தன்று எழுதுகிற கல்யாண ஒப்பந்தம் அது, இரண்டு பக்கத்து ஊர், கோயில் எல்லாம் அதில் வந்துவிடும்.

குரூப் போட்டோவில் கழுத்திரு, அந்தப் பெரிய தங்கத் தாலி, யார் கழுத்தில் இருக்கிறது என்று பார். சின்னப் பெண் கழுத்தில் இருந்தால் கல்யாணம். வயதான ஆச்சி போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தால் அது அறுபதாம் கல்யாணம், கல்யாணப் படம் என்று எழுதிவிடாதே. ஆண்கள் கழுத்தில் கௌரிசங்கரம் என்கிற ருத்திராட்ச மாலை போட்டிருக்கிறார்களா என்றும் பார்.

அந்த மடித்த மூலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1954இல் பள்ளிப் படிப்பு முடிக்கிற வயது என்றால் இன்று அந்தப் பெண்களுக்கு எண்பத்தைந்துக்கு மேல். இருக்கலாம், பேரன் பேத்தியோடு எங்கோ நன்றாகவே இருக்கலாம். பெயர் தெரிகிற மாதிரி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கப் போடாதே. நீ இங்கே பெயர் சொல்லாமல் எழுதியது சரி. குடும்பம் கிடைத்தால் நேரில் போய்க் காட்டு. அவர்கள் கேட்டால் கொடு, அல்லது படி எடுத்துக்கொண்டு கொடு. வேண்டாம், நீயே வை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம், அதுவும் தெரிந்துகொள்.

பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வை, தாளில் படக்கூடாது. கார்த்திகை மழைக்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் நிழலில் காற்றாட வை. வெயிலில் வேண்டாம்.

தேவகோட்டைப் பெண்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மதுரைக்காரரிடம் பக்கத்தைக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். ஐயா சொன்னது போலப் பின்புறத்தைப் பார்த்தேன், அங்கே ஒரு தோழி தன் வீட்டுப் பூனையைப் பற்றி நாலு வரிப் பாட்டு எழுதியிருக்கிறாள். ஆச்சி, இசைகுடிமானம் இல்லை, ஆனால் இரண்டு கடிதங்களில் ஒரே விலாசம் இருக்கிறது, ஊர் பள்ளத்தூர். பொங்கலுக்கு வரும்போது விசாரிக்கிறேன். படத்தில் கழுத்திரு போட்டிருப்பது வயதான ஆச்சிதான். நான் கல்யாணம் என்றே நினைத்திருந்தேன்.

இன்னொன்று. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு நண்பர் இந்த ரங்கூன் கடிதங்களைக் கண்காட்சிக்கு அனுப்பச் சொல்கிறார். கூரியரில் அனுப்பலாமா?

கோட்டையூர் அச்சுக்காரர்:

அப்படியே தூக்கி அனுப்பிவிடாதே அம்மா. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. பொதுவாக 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்தான் தொல்பொருள். ஆனால் வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படி, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். ரங்கூன் கடிதங்கள் 1942க்கு முந்தியவை என்றால் அந்த வயதைத் தாண்டிவிட்டன. தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இந்தியத் தொல்லியல் துறையில் காட்டினால் பார்த்துவிட்டு, தொல்பொருள் இல்லை என்றால் அதற்குச் சான்று கொடுப்பார்கள். அது கையில் இருந்தால் அனுப்பலாம். கண்காட்சிக்குத்தானே, நல்ல ஸ்கேன் எடுத்து அனுப்பினால் அங்கேயே அதே அளவில் அச்சடித்துக்கொள்வார்கள். கவரின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடு. பின்பக்கத்தில்தான் வந்து சேர்ந்த தபால் ஆபீஸ் முத்திரை இருக்கும்.