புதுப்பிப்பு: கிட் காரில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்கியது சரியாயிருச்சு

போன மாதம் கேட்டிருந்தேனுங்க: வீட்டுக் கொட்டகையில் பாகங்களை வாங்கி முதன்முதலாக நான் கட்டும் லோட்டஸ் செவன் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பாணி இரண்டு சீட்டு வண்டியில், நாலு தடவை ஏர் எடுத்தும் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) பிரேக் மிதி அடிவரை போகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

முதலில், மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன், பலனில்லை. அப்புறம் இங்கே பதில் போட்ட பொள்ளாச்சி அண்ணன் சொன்னபடி முன் சக்கரக் காலிப்பரை (பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) குனிந்து பார்த்தால், ஏர் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருக்கிறது! இடது, வலது மாற்றி மாட்டியிருக்கிறேன். காற்று மேலே போய்த் தங்கிக்கொள்ளும். கீழே இருக்கும் நிப்பிளில் ஆயில் மட்டும்தான் வரும். போல்ட் ஓட்டை இரண்டு பக்கமும் ஒத்துப்போவதால் தப்பு தெரியவே இல்லை. காலிப்பர்களை இடம் மாற்றி, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தேன். ட்யூபில் கடுகு கடுகாய்க் குமிழி வந்து, மெல்ல நின்றது. மிதி இப்போது கல் மாதிரி நிற்கிறது. அண்ணா, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

எதிர்பார்க்காதது: பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டதில் ஹோஸ் முனையில் கசிவு. புதுசு போட்டதும் நின்றது. அதற்குள் சொட்டிய டாட் 4 பிரேக் ஆயில் சேஸி பெயிண்டை உரித்துவிட்டது. பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிடுங்க.

வண்டி ரோட்டுக்கு இல்லைங்க, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டத்தான். அடுத்த வேலை வயரிங்.