மூன்று வயதுப் பையன் கடிக்கிறான், அடிக்கிறான்: எது காரணம்?

மதுரை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. தங்கச்சி பிறந்து நான்கு மாதம் ஆகிறது. பிளே ஸ்கூலில் சேர்த்ததிலிருந்து புகார் மேல் புகார். நேற்று ஒரு பெண் குழந்தையின் முன்கையைக் கடித்துவிட்டான். அவளுடைய அம்மா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் பதிந்து சிவந்திருந்தது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் வைத்துக்கொள்ள முடியாது என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். மாமியார் செல்போன் கார்ட்டூன்தான் என்கிறார். என் அம்மா, "தாய்மாமன் கோபம் அப்படியே வந்திருக்கு" என்கிறார். என் கணவர், "அடியாத மாடு படியாது" என்று முதுகில் ஒன்று வைக்கிறார். அப்போதைக்கு அடங்குகிறான், சாயங்காலம் தங்கச்சி காலைக் கிள்ளுகிறான்.

அப்பா வந்த பிறகுதான் தூங்குவேன் என்று அடம், அதனால் படுக்கப் பதினொன்று ஆகிவிடும். காலையில் ஏழு மணிக்கு எழுப்பிவிடுகிறேன். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவான், வெளியாட்களுக்குப் புரியாது. அடிக்கடி சளி. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டான், அத்தனை பிடிவாதம். இதெல்லாம் தானாகச் சரியாகுமா, இல்லை பெரியவனானாலும் இப்படித்தான் இருப்பானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலர் பள்ளி டீச்சர்:

வணக்கம்மா. திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் பாலர் பள்ளி நடத்துகிறேன். குழந்தை வளர்ச்சி படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக என் பகலெல்லாம் இந்த வயதுப் பிள்ளைகளோடுதான்.

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ரிச்சர்ட் டிரம்ப்ளே என்ற உளவியலாளர் பிள்ளைகளைக் கைக்குழந்தையிலிருந்தே பல வருஷம் தொடர்ந்து கவனித்தார். மனிதர்கள் அதிகம் கைநீட்டுவது வாலிப வயதில் இல்லை, இரண்டுக்கும் நான்குக்கும் இடையில்தான். அப்புறம் பேச்சும் பொறுமையும் வர வர, பெரும்பாலான பிள்ளைகளிடம் குறைந்துவிடுகிறது. உங்கள் பையன் அந்த உச்சத்தில் நிற்கிறான். அதனால் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதை விட்டுவிட்டு, குறைய விடாமல் எது தடுக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை கடித்தால், அதற்கு முந்தைய நிமிஷம் என்ன நடந்தது, அடுத்த நிமிஷம் என்ன நடந்தது என்று நோட்டில் குறித்துவைப்போம்.

முந்தைய நிமிஷத்தில் பாதி நாள் பசிதான் இருக்கும். எங்கள் நோட்டில் சண்டை அதிகம் விழுவது மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். 1931ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஃபுளோரன்ஸ் குடினஃப் என்ற பேராசிரியர் தாய்மார்களைக் கொண்டு பிள்ளைகளின் கோபத்தைத் தினமும் எழுதவைத்தார். அங்கேயும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால்தான் கோபம் ஏறியது. உடம்புக்கு முடியாத நாட்களிலும் கூடியது. உங்கள் பையனுக்குத் தூக்கமும் சேர்ந்து குறைகிறது. மூன்று, நான்கு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. இவன் இரவில் தூங்குவது எட்டு மணி நேரம். எட்டு மணி நேரத் தூக்கத்தோடு இருபது பிள்ளைகள் கத்தும் அறைக்கு வருகிற குழந்தையிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

அடுத்த நிமிஷத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எங்களிடம் சிவப்பு மூன்று சக்கர சைக்கிள் ஒன்றுதான் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெண்ணின் சடையைப் பிடித்து ஒரு பையன் இழுத்தான். அவள் அழுதுகொண்டே இறங்கினாள். ஆயாம்மா ஓடிவந்து அவளை இடுப்பில் தூக்கிவைத்துச் சமாதானம் செய்தார். அதற்குள் இவன் சைக்கிளில் ஏறி வேப்பமரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டான். ஆயாம்மா அவனைத் திட்டத்தான் செய்தார், ஆனால் சைக்கிள் அவனிடமே இருந்தது. சடையை இழுத்தால் சைக்கிள் கிடைக்கும் என்று அன்று அவன் படித்துக்கொண்டான். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் நர்சரிப் பள்ளிகளில் உட்கார்ந்து கவனித்து 1967ல் எழுதியதும் இதையேதான். அடி வாங்கிய பிள்ளை அழுது விட்டுக்கொடுத்தால், அடித்தவன் அதே பிள்ளையிடம் மறுபடி வருகிறான்.

அதற்குப் பிறகு நாங்கள் முதலில் சைக்கிளைத்தான் பிடுங்குவோம். இறங்கினவளை மறுபடி ஏற்றிவிட்டு, அவனைப் பக்கத்தில் நிறுத்தி, "அடுத்து நான்" என்று சொல்லவைப்போம். சொன்னால் கண்டிப்பாக அவன் முறை வரும். அதில் மட்டும் நாங்கள் வாக்கு மாற மாட்டோம்.

வீட்டுக்கு வருகிறேன். குழந்தை தடுக்கி விழுந்தால் நம் வீடுகளில் தரையை அடிப்போம். "பாப்பாவ அடிச்சிடுச்சா? அடி, அடி" என்று அவன் கையாலேயே அடிக்கவைப்போம். மாமா வந்தால் "அம்மாவ ஒண்ணு வை பாப்போம்" என்பார். அவன் வைத்ததும் கூடத்தில் எல்லோரும் சிரிப்போம். 1961ல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், பிறகு அவர் இல்லாத அறையில் விட்டபோது தாங்களும் சுத்தியலை எடுத்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையே சொன்னார்கள். நாம் தரையை அடிக்கும்போது நம் பிள்ளையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, புதுக் குழந்தையைப் பார்க்க வருகிறவர்களின் பேச்சு. "இனிமே உனக்கு அம்மா கிடையாது, பாப்பாவுக்குத்தான்" என்று கிண்டல் செய்வார்கள். அவனுக்கு அது கிண்டல் என்று தெரியாது, நம்பிவிடுவான். அவன் எதிரிலேயே நீங்கள் மறுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஐம்பது வருஷ ஆய்வுகளை, ஏறக்குறைய 1.6 லட்சம் பிள்ளைகளைப் பற்றியவற்றை, எலிசபெத் கெர்ஷாஃப் என்பவரும் உடன் ஆய்வாளரும் 2016ல் தொகுத்துப் பார்த்தார்கள். கையால் அடிப்பதோடு சேர்ந்து வந்தது முரட்டுத்தனமும் அடங்காமையும்தான். பணிவு கூடவில்லை. உங்கள் வீட்டிலும் முதுகில் விழுந்தது சாயங்காலம் தங்கச்சி காலுக்குப் போகிறது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தாய்மாமன் கோபம் என்பதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கியூபெக்கில் 19 மாத இரட்டைக் குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், கைநீட்டுவதில் பிறவிக்கூறின் பங்கு நன்றாகவே தெரிந்தது. பேச்சு குறைவாக உள்ள பிள்ளைகளிடம் அடிதடி சற்று அதிகம் என்பதும் அதே ஆய்வில் வந்தது. பிறவியை நாம் மாற்ற முடியாது, பேச்சை வளர்க்கலாம். செல்போனை இந்த வயதில் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். முக்கியமாகப் படுக்கும் நேரத்தில் கையில் கொடுக்காதீர்கள்.

காது பேச்சுப் பயிற்சியாளர்:

டீச்சர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அம்மா, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான், அடிக்கடி சளி, பேச்சு தெளிவில்லை. இதைப் பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள். சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். காது வலிக்காது, சீழ் வராது, அதனால் வீட்டில் தெரியாது. தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல மங்கலாகக் கேட்கும். பக்கத்துப் பிள்ளை "அது என்னோடது" என்று சொன்னதே இவனுக்குக் காதில் விழாமல் இருக்கலாம். திடீரென்று ஒரு கை வந்து பொம்மையைப் பிடுங்கினால் அவன் என்ன செய்வான்?

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறன் பரிசோதனையும் டிம்பனோமெட்ரியும் எடுங்கள். டிம்பனோமெட்ரி என்பது காதில் ஒரு சின்ன முனையை வைத்து அழுத்தம் பார்ப்பது, சில நொடியில் முடியும், வலிக்காது. செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பயிற்சி தரும் மையம் அது. கட்டணம் கிடையாது.

லேட் டூட்டி அப்பா:

நானும் வீட்டுக்கு வரப் பத்து மணி தாண்டிவிடும். என் மகளும் முழித்துக்கொண்டே இருப்பாள், மறுநாள் முழுக்கச் சிணுங்கல், அடி. அப்புறம் நான் காலை நேரத்தை அவளுக்கென்று ஒதுக்கினேன். எழுப்புவது, பல் தேய்த்துவிடுவது, இட்லி ஊட்டுவது எல்லாம் நான்தான். அப்பா காலையில் இருப்பார் என்று நம்பிக்கை வந்ததும் ஒன்பது மணிக்குத் தூங்க ஆரம்பித்தாள். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள் சகோதரி.

மதுரை அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காது என்று நான் யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை கூட்டிப்போகிறோம், அவரும் லீவு போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். டீச்சர், ஒரே ஒரு சந்தேகம். கடித்த அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்? வலி தெரியட்டும் என்று திருப்பிக் கடிக்கச் சொல்கிறார்கள்.

பாலர் பள்ளி டீச்சர்:

திருப்பிக் கடிக்கவே கூடாது அம்மா. பெரியவர்களும் கடிக்கலாம் என்றுதான் அவனுக்குப் புரியும்.

முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போங்கள். தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறகு அவன் உயரத்துக்குக் குனிந்து, முகத்தைப் பார்த்து, "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். நீளமாகப் பேசினால் ஏறாது, காது மங்கலாக இருந்தால் சுத்தமாக ஏறாது. பிடுங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவையுங்கள். அவனுக்கு வேண்டியதைக் கேட்க ஒரு வார்த்தை சொல்லிக்கொடுங்கள். "எனக்கு" என்று கை நீட்டினால்கூடப் போதும். அப்படிக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் உடனே கவனியுங்கள், கடித்தபோது கிடைத்த கவனத்தைவிட அதிகமாக.

ஸ்கூலுக்கு நேரில் போய், காது பரிசோதனை நடக்கிறது என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தான், எந்தப் பொருளுக்காக, யாரை என்று இரண்டு வாரம் குறித்துத்தரக் கேளுங்கள். பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் சுண்டலோ தரச் சொல்லி டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். சுண்டலை நன்றாக மசித்துக் கொடுங்கள், இந்த வயதில் முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.