நாலணாவுக்கு ஒரு மணி நேரம் சைக்கிளா? யார் காதில் பூ?

மணப்பாறை முறுக்கு:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா மகன் முழ நீளத்துக்கு ஒன்றைத் தட்டிவிட்டிருக்கிறார். எழுபதுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள்தான் சுதந்திரமாக வளர்ந்த கடைசித் தலைமுறையாம். காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வீடாம், எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்டதில்லையாம். எனக்கும் அதே வயதுதான், படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. அதிலும் உச்சம், "நாலணா கொடுத்தால் ஒரு மணி நேரம் வாடகை சைக்கிள்" என்ற வரி. 1979-ல் நாலணாவுக்கு, அதாவது 25 காசுக்கு, அரை மணி நேரம்தான் ஐயா. முப்பத்தைந்தாவது நிமிடம் கொண்டுபோய் விட்டதற்குக் கடைக்காரர் காதைத் திருகினார். இதுதான் உங்கள் சுதந்திரமா?

பழைய வில்லை:
நாலணாவுக்கு ஒரு மணி நேரம். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் மூன்று கடை, மூன்றிலும் அதே வாடகை. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கும். எனக்கு எப்போதும் 7-ஆம் நம்பர் அரை வண்டி. சீட்டில் ஏறினால் கால் எட்டாது, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். கீழே விழுந்து முட்டி பெயர்ந்தால் மண்ணைத் தூவிக்கொண்டு அடுத்த சுற்று. என் பேரன் அடுக்ககத்தின் கீழே இறங்க அம்மாவிடம் அனுமதி வாங்குகிறான், கையில் கட்டிய வாட்ச் அவன் எங்கே நிற்கிறான் என்று காட்டிக்கொடுக்கிறது. முறுக்கு அண்ணாச்சியை அந்தக் கடைக்காரர் ஏமாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். போன மாதம் கோலி சோடா விலையிலும் இவர் இப்படித்தான் உளறினார்.

மணப்பாறை முறுக்கு:
கோலி சோடாவில் உளறியது யார் என்று ஊருக்கே தெரியும்.

பஞ்சர் ஒட்டி:
என் அப்பா வாடகை சைக்கிள் கடைதான் வைத்திருந்தார், 1988 வரை. நான் சொல்லலாமா? சின்ன வண்டி அரை மணிக்கு 15 காசு, ஒரு மணிக்கு 30. பெரிய வண்டி ஒரு மணிக்கு 40. இருட்டிய பிறகு டைனமோ வண்டிக்கு ஐந்து காசு கூட. லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார், அதனால் அந்த ஐந்து காசுக்கு யாரும் தகராறு செய்ததில்லை. நீளமான கணக்கு நோட்டில் பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம் எல்லாம் எழுதுவோம். தெரியாத பையன் என்றால் யார் மகன் என்று கேட்காமல் கொடுக்க மாட்டோம்.

பழைய வில்லை:
முப்பது காசா! ஆக, நோட்டு வைத்தே கொள்ளையடித்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் நாலணா.

தாவணிக்காலம்:
"நாங்கள் ஊர் சுற்றினோம்" என்று இரண்டு பேரும் எழுதுகிறீர்களே, அந்த 'நாங்கள்' யார்? என் அண்ணன் குரங்குப் பெடல் போட்டபோது நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திண்ணையில் நின்றேன். வயதுக்கு வந்ததும் திண்ணையும் போயிற்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் வந்து, 1992 வாக்கில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டபோதுதான் எனக்கு ஹேண்டில்பார் கைக்கு வந்தது. அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். 2006-ல் என் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்க சைக்கிளே கிடைத்தது. எங்கள் வீட்டுக் கணக்கில் சுதந்திரம் பிற்பாடுதான் வந்தது.

பழைய வில்லை:
அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அண்ணன் எவ்வளவு கொடுத்து எடுத்தார் என்று கேட்டுச் சொன்னால் இந்த வழக்கு முடிந்துவிடும்.

தாவணிக்காலம்:
கேட்க மாட்டேன்.

ஓரமாக நிற்பவன்:
பிள்ளைகளை வெளியே விடாததற்குப் பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. 1981-ல் இந்தியா முழுவதும் பதிவாகியிருந்த மோட்டார் வாகனங்களே சுமார் 54 லட்சம். இன்று தமிழ்நாட்டில் மட்டும் 3 கோடிக்கு மேல். அன்றைக்குத் தெருவில் பையன் விழுந்தால் எதிரே வந்தது மாட்டு வண்டி. இன்று எது வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

மணப்பாறை முறுக்கு:
அன்றைக்கு மட்டும் பத்திரமாக இருந்தோமா? 1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதைத் தாண்டவில்லை. இன்று அது முப்பதுக்கும் கீழே. என் வகுப்பில் இரண்டு பேருக்குப் போலியோ. இன்னொருவன் பம்ப்செட் கிணற்றில் குதித்து மேலே வரவே இல்லை. தப்பியவன் உட்கார்ந்து ஃபார்வர்டு அனுப்புகிறான், போனவன் அனுப்புவானா?

பழைய வில்லை:
சாவு வீட்டுக்குக் கூட்டிப்போகிறார் பாருங்கள். பேச்சு சைக்கிளைப் பற்றி. வாடகை நாலணா என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல் கிணற்றில் குதிக்கிறார்.

கொங்குக்காரன்:
எங்கள் பக்கம் அதற்குப் பெயர் அரைப் பெடல். குரங்கு என்று நாங்கள் சொல்லிக் கேட்டதில்லை.

பழைய வில்லை:
நீங்கள் கேட்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? குரங்குப் பெடல்தான்.

கொங்குக்காரன்:
அப்படியே உங்கள் நாலணாவையும் நாங்கள் கேட்டதில்லை.

கீழத்தெரு:
எங்கள் ஊரில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். மேற்கே பஸ் நிறுத்தத்திலிருந்து கோயில் தாண்டி வாய்க்கால் பாலம் வரைக்கும். யாரும் அடிக்கவெல்லாம் வேண்டாம், திண்ணையில் இருப்பவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும், கால் தானாகத் தரையில் ஊன்றும். போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம் தள்ளிக்கொண்டே போவேன். அந்த நேரத்துக்கும் வாடகை ஓடும்.

ஓரமாக நிற்பவன்:
இதைப் படித்த பிறகாவது அந்த நாலணாவை விடுங்களேன்.

பழைய வில்லை:
அது தப்பு, நான் மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லாம் சரி என்று நான் எங்கே எழுதினேன், காட்டுங்கள். சரி, கீழத்தெரு தம்பி, உங்கள் ஊரில் ஒரு மணிக்கு எவ்வளவு?

கீழத்தெரு:
இரண்டு கடை. ஒன்றில் எங்களுக்குத் தரமாட்டார்கள். இன்னொன்றில் முப்பது காசு. மற்றப் பையன்களுக்கு எவ்வளவு என்று கேட்டதில்லை.

பழைய வில்லை:
பார்த்தீர்களா! உங்களிடம் ஐந்து காசு கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். கழித்தால் என்ன வருகிறது? நாலணா!

தாவணிக்காலம்:
உங்களுக்கு வெட்கமே கிடையாதா?

பழைய வில்லை:
கணக்குச் சொன்னால் வெட்கமா? என் பக்கம் ஒரு சாட்சி வந்ததும் எல்லோருக்கும் கோபம் வருகிறது.

கீழத்தெரு:
நான் யார் பக்கமும் சாட்சிக்கு வரவில்லை.

மணப்பாறை முறுக்கு:
இந்த மனிதர் பெயரிலேயே 'வில்லை' இருக்கிறது. சைக்கிளுக்குப் பஞ்சாயத்தில் வரி கட்டி வாங்கி மாட்டுவோமே, அந்த வில்லை. சொந்த சைக்கிள் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை வாடகையைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறார்.

பழைய வில்லை:
அது என் தாத்தாவின் சைக்கிள். அதை நான் தொடக்கூட விட்டதில்லை. உம்மைப் போல் காதைக் கொடுத்துவிட்டு வந்தவன் இல்லை நான்.

பஞ்சர் ஒட்டி:
அப்பாவின் கணக்கு நோட்டு ஒன்று பரணில் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது படம் எடுத்துப் போடுகிறேன்.

பழைய வில்லை:
போடுங்கள், பார்க்கலாம். ஆனால் அது உங்கள் கடை நோட்டு. எங்கள் ஊரில் நாலணாதான்.